ஸ்டுடியோவை விற்றவன்

ஜூன் 1, ஞாயிறு

டிரம்ஸ் செட்டை வீட்டு மொட்டை மாடி அறையிலிருந்து இறக்கி, குட்டி யானை வண்டியில் ஏற்றி, குடோனுக்குக் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. கோகிலா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மேல ரூம் காலியாச்சுங்க. இனி அங்க வடகத்தையாவது எடுத்து வைக்கலாம்" என்றாள். பத்தொன்பது வருஷ சம்சாரத்தில் அவள் இவ்வளவு நிம்மதியாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இந்த டைரி ஒரு மில்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஐந்து மாதமாகச் சும்மா கிடந்தது. எழுதிவைக்கும்படி இப்போதுதான் ஒன்று நடக்கிறது. பின்னால் என் மகள் எடுத்துப் படித்தாலும் புரியட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ராக் இசைக்குழுவின் பெயர் ஓவர்லாக். பனியன் ஓரம் அடிக்கிற மெஷினின் பெயர். திருப்பூர்க்காரன் வேறு என்ன பெயர் வைப்பான்? பாலிடெக்னிக்கில் படிக்கும்போது ஆரம்பித்தது. எட்வின் பாட்டு, ரஃபீக் கிடார், பூங்கொடி பேஸ் கிடார், நான் டிரம்ஸ். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு ஆல்பம் பதிவு செய்தோம். "செய்தோம்" என்பது தவறு. அவர்கள் செய்தார்கள். அந்த வாரம் நான் என் முதல் முழு லோடோடு பானிபட்டுக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தேன். சரக்கோடு ஆள் வராவிட்டால் இறக்கவே மாட்டேன் என்று சொல்லியிருந்தார் வாங்குபவர். ஸ்டுடியோவிலிருந்த யாரோ ஒருவர் எனக்குப் பதிலாக வாசித்தார். அந்த லோடில்தான் என் தொழில் நிமிர்ந்தது, அதனால் வருத்தமில்லை. ஆனால் இன்றைக்கும் அந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் "டிரம்ஸ் பிரமாதம்" என்று என்னிடம் வந்துதான் சொல்கிறார்கள். நன்றி என்று சொல்லிவைப்பேன். எட்வின் அதை எங்கேயும் போடுவதே இல்லை. என் மனது நோகும் என்றுதான்.

இந்தத் தடவை டிரம்ஸ் நான். அதற்குத்தான் என் குடோனைக் கொடுத்திருக்கிறேன்.

பதிவு செய்வது சுதர்சன். கோயம்புத்தூரில் கல்யாண வீடியோக்களுக்கு ஒலி சேர்க்கிற ஆள், ரஃபீக்கின் மொபைல் கடையில் பழக்கமானவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போட்டால் போதும் என்று சொல்லிவிட்டார். குடோனுக்குள் வந்து நின்று ஒரு தடவை கை தட்டினார். சத்தம் திரும்பவே இல்லை. கூரை வரைக்கும் கட்டிங் வேஸ்ட் மூட்டைகள். பனியன் கம்பெனிகளில் துணி வெட்டும்போது விழுகிற துண்டுகளை வாங்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டி மில்லுக்கு விற்பதுதான் என் வியாபாரம்.

"ஸ்டுடியோல இதுக்குன்னு ஸ்பாஞ்ச் வாங்கி ஒட்டுவாங்கண்ணா" என்றார் சுதர்சன். "உங்களுக்கு வேஸ்ட்டே ஸ்பாஞ்சா அமைஞ்சிருக்கு. இது மாதிரி ரூம் கோயமுத்தூர்லயே கிடையாது."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 3, செவ்வாய்

தரம் பிரிக்கிற பெண்கள் இரண்டு பேர் வரவில்லை. நானே உட்கார்ந்து பிரித்தேன். கால் சும்மா இருக்காமல் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்திலிருந்த அம்மா, "கரண்டு கிரண்டு அடிச்சுப்போடுச்சுங்களா" என்று கேட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று டிரம்ஸ் பதிவு. முதலில் டிரம்ஸ், அதன் மேல் பேஸ், அதன் மேல் கிடார், கடைசியில் பாட்டு. வீடு கட்டுகிற மாதிரிதான். அஸ்திவாரம் என்னுடையது.

ஹெட்போனுக்குள் டொக் டொக்கென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். கிளிக் என்கிறார்கள். அதோடு சேர்ந்து அடிக்க வேண்டுமாம். ஊரில் எனக்கு வேலை சொல்ல ஆள் கிடையாது என்று இருந்தேன். இந்தக் கிளிக் முதுகில் கை வைத்து, மெல்ல மெல்ல என்று சொல்கிறது.

"அண்ணா, கிளிக்கைக் கொஞ்சம் கேட்டு வாசிங்க."

"கேட்டுட்டுத்தானே இருக்கேன்."

"நீங்க அதுக்கு முன்னாடி போறீங்கண்ணா."

"அது எனக்குப் பின்னாடி வருதுப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

திரும்பத் திரும்ப அடித்தேன். மதியத்துக்குக் கோகிலா அரிசியும் பருப்பும் போட்டு சாதம் ஆக்கி அனுப்பியிருந்தாள். நெய்யை ஊற்றிக்கொண்டு சுதர்சன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலத்துக்குள் மூன்று பாட்டை முடித்துவிட்டேன். வியாபாரத்திலும் சரி, இதிலும் சரி, இழுத்தடிப்பது எனக்குப் பிடிக்காது.

"நல்லா வந்துச்சா?" என்று கேட்டேன்.

"சரி பண்ணிக்கலாங்கண்ணா" என்றார் சுதர்சன்.

மில் மேனேஜர் இந்த வார்த்தையைச் சொன்னால் பாதி லோடு திரும்பி வரப்போகிறது என்று அர்த்தம். பாட்டுத் தொழிலில் வேறு அர்த்தம் இருக்கும்.

ஜூன் 11, புதன்

காலையில் டிபன் சாப்பிடும்போது மேஜையில் விரல்களால் தட்டிக்கொண்டிருந்தேன். மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். "அவ சாப்பிடறதுக்குள்ள நீங்க பாட்டை முடிச்சுப்போடுவீங்களாட்ட இருக்குது" என்றாள் கோகிலா.

மெல்லத் தட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரம்தான் முடிந்தது. இட்லி ஆறிப்போனது.

ஜூன் 15, ஞாயிறு

எட்வினின் பாட்டுப் பதிவு. முதல் பாட்டு 'பவர் டேபிள்', பனியன் தைக்கிற மெஷின் வரிசையைப் பற்றியது. எழுதியதும் அவன்தான். ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை. வெள்ளைக்காரன் போன் வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு வெளியே ஓடுவான்.

பாட்டு உட்காரவே இல்லை. மூன்றாவது வரி வந்ததும் தாளத்துக்கு முன்னாலேயே போய் விழுகிறான். திரும்பப் பாடினாலும் அதே இடம், அதே விழுகை.

"என்னண்ணா, ரெடியாகறதுக்கு முன்னாடியே வந்துடறீங்க?" என்றார் சுதர்சன்.

எட்வின் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். ரஃபீக் எழுந்து கிடார் வயரைச் சுற்ற ஆரம்பித்தான், சுற்ற வேண்டிய அவசியமே இல்லாதபோது.

"தொண்டையாத்தான் இருக்கும்" என்றேன். "பனங்கல்கண்டு வாங்கிட்டு வரச் சொல்றேன்."

"ஆமா, தொண்டைதான்" என்றான் எட்வின்.

பூங்கொடி மட்டும் சத்தமில்லாமல் சிரித்தாள். ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறவள். பூ டிசைன் அரைநூல் தள்ளிப் போனாலும் கண்டுபிடிப்பாள். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்லடா. பனங்கல்கண்டு எனக்கும் குடு" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

வெள்ளை கட்டிங் விலை ஏறுகிறது. காலையிலிருந்து போன் ஓயவில்லை. திண்டுக்கல் மில்காரர் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கலரையும் சேர்த்தே எடுக்கிறாராம். நாளைக்கு இந்த விலை நிற்குமா என்று யாருக்கும் தெரியாது.

மூன்று தடவை குடோனுக்குள் போய்ப் போய் மூட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். சரக்கு நின்றால் எனக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஜூன் 18, புதன்

விற்றுவிட்டேன். மொத்தமும். லாரிகள் மதியத்துக்குள் கிளம்பிவிட்டன. குடோனைக் கூட்டிப் பெருக்கிவிட்டார்கள். டிரம்ஸ் செட் மட்டும் நடுவில், பெண் வீட்டார் வராத மணமேடை மாதிரி நிற்கிறது.

இந்த வருஷத்தின் நல்ல வியாபாரம்.

ஜூன் 22, ஞாயிறு

சுதர்சன் உள்ளே வந்தார். நின்றார். கை தட்டினார். சத்தம் தகரக் கூரைக்குப் போய், நாலு மூலையையும் சுற்றிவிட்டு, நிதானமாகத் திரும்பி வந்தது. இன்னொரு தடவை தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூட்டையெல்லாம் எங்கங்கண்ணா?"

"திண்டுக்கல் போயிருச்சு."

ரஃபீக் கிடார் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான். "டேய் நாச்சி, ஸ்டுடியோவையே வித்துப்போட்டியேடா."

"நல்ல விலைடா" என்றேன்.

"உன்ற பொண்டாட்டி புள்ளைய கொஞ்சம் பத்திரமா இருக்கச் சொல்லு. மார்க்கெட் ஏறுச்சுன்னா லோடு ஏத்திருவ."

அவர்களுக்குக் கோபம் வர வேண்டியதுதான், நியாயம். ஸ்டுடியோ என்கிற யோசனையே எனக்கு வரவில்லை என்று சொன்னால் நம்புவார்களா? விலை மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. முன்னால் பதிவு செய்த மூன்று பாட்டும் ஒரு சத்தம், இனிமேல் பதிவு செய்வது வேறு சத்தம் என்றார் சுதர்சன். இரண்டையும் ஒட்ட வைக்க முடியாதாம்.

இருந்தாலும் வந்தது வீணாகக் கூடாது என்று நாலாவது பாட்டுக்கு டிரம்ஸ் அடித்தேன். ஒவ்வொரு அடியும் கல்யாண மண்டபத்தில் அண்டா உருண்ட மாதிரி கேட்டது. போதுமா என்று கேட்டதற்கு, "நீங்க வாசிங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றார் சுதர்சன். இந்த இரைச்சலில் எதைப் பார்த்துக்கொள்வார்? என்னைத் தவிர யாரும் இதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பந்தல் கடை கந்தவேல் வண்டி நிறைய மெத்தைகளும் ஷாமியானா துணிகளும் கொண்டுவந்து இறக்கினார். என்னோடு ஐந்தாவது வரை படித்தவர். ராக் என்றால் பாறை என்று மட்டும் தெரிந்தவர்.

"மாப்பிள்ளை வீட்டார் தங்கற மெத்தைடா இதெல்லாம். முகூர்த்தம் வந்துச்சுன்னா எடுத்துக்குவேன். ஆடி பொறந்துட்டா நீயே வச்சுக்கோ, கல்யாணமா காச்சியா. ஆனா ஒண்ணு. எவனும் இதுல படுத்துத் தூங்கக் கூடாது."

"பாட்டுப் பாடத்தான் இது."

"மெத்தையில பாட்டா? என்னமோ பண்ணுங்க."

மூலையில் மெத்தைகளை நிறுத்தி, எட்வின் நின்று பாடுகிற அளவுக்கு ஒரு கூண்டு மாதிரி செய்தோம். பூங்கொடி ஷாமியானா துணியைக் குறுக்கே கட்டினாள். சரிகை வைத்த சிவப்புத் துணி. உள்ளே நின்றால் நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாதிரி இருக்கிறது.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு மூட்டை திரும்பி வந்தது. வெள்ளைக்குள் சிவப்புத் துண்டு கலந்திருக்கிறதாம். என் குடோனில் பிரித்ததில் அப்படி வந்ததே கிடையாது. பிரித்த அன்று நான் உட்கார்ந்தேனே, அந்த மூட்டையோ என்னவோ. சாய்கிற மெத்தைக்கு அதை முட்டுக்கொடுத்து வைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

போன் சார்ஜ் ஏறவில்லை என்று ரஃபீக்கின் கடைக்குப் போனேன். அவன் டீ சொல்ல வெளியே போனான். கம்ப்யூட்டரில் எங்கள் நாலாவது பாட்டு இருந்தது. சும்மா தட்டினேன்.

நன்றாக இருந்தது. டிரம்ஸ் பட்டுப்போல, காய்ந்த பருத்தி மாதிரி, சத்தம் சத்தமாகத் தனித்தனியாக விழுந்தது. ஒரு அடிகூட எதிரொலிக்கவில்லை.

அந்தப் பாட்டை நான் காலி குடோனில் வாசித்தேன்.

திரும்பப் போட்டுக் கேட்டேன். கூரை இல்லை, சுவர் இல்லை, அண்டா இல்லை. வெள்ளை கட்டிங்குக்குள் பாலியஸ்டர் கலந்திருந்தால் கையை விட்டவுடன் எனக்குத் தெரியும். என் குடோன் வாடையே இல்லாத சரக்கு என் குடோன் சரக்கு இல்லை.

ரஃபீக் டீயோடு வந்தான். ஸ்கிரீனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டு வந்தேன். டீயை அவனே குடித்திருப்பான்.

ஜூன் 28, சனி

மழை வரும் போலிருந்தது. தார்ப்பாய்களையெல்லாம் எடுத்துப் பிரித்தேன். மழை வரவில்லை. மடித்து வைத்தேன். மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. மறுபடி பிரித்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

ரெக்கார்டிங் இல்லை என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, சுதர்சனை மட்டும் அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரிக்கு வரச்சொன்னேன். சுற்றி வளைத்துப் பேசுவது எனக்கு வராது.

"எத்தனை பாட்டுல என்னை எடுத்துட்டு கம்ப்யூட்டர் மெஷினைப் போட்டிருக்கீங்க?"

அவர் பப்ஸைத் தட்டில் திரும்ப வைத்தார். "நாலுலயுமேங்கண்ணா."

"முதல் நாள்ல இருந்தா?"

"ஆமாங்கண்ணா. நீங்க ஓடிப்போயிடறீங்க. முதல்ல கொஞ்சம் கொஞ்சமா இழுத்து இழுத்துச் சரி பண்ணிப் பாத்தேன். முடியல. அப்புறம்..." கையை விரித்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். எட்வின் அண்ணாதான் சொல்லக் கூடாதுன்னாரு. ரஃபீக் அண்ணா சொல்லிரலாம்னாரு. பூங்கொடி அக்கா, 'நீ சொல்லு, நீ சொல்லு'ன்னு எல்லாரையும் தள்ளிவிட்டாங்க, அவங்க மட்டும் சொல்லல."

"குடோன் என்னுதுங்கறதாலயா?"

"அதுக்கில்லீங்கண்ணா." அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்கில்லைதான்.

"மெஷின் நல்லா வாசிக்குதா?"

"கரெக்டா வாசிக்குதுங்கண்ணா" என்றார். கொஞ்சம் யோசித்து, "நல்லான்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

பப்ஸ் நன்றாக இருந்தது. வீட்டுக்கும் கட்டி வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

சுதர்சன் சொல்லியிருப்பார் போல, எட்வின் கம்பெனி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு குடோனுக்கு வந்தான். டை கட்டியிருந்தான். பைக்கை நிறுத்தியவன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"நீ இல்லாம இந்த ஆல்பம் கிடையாதுடா" என்றான்.

"மெஷின் வாசிக்குது. அதுக்கு என் பேர் போடப்போறீங்களா?"

அவன் டை முடிச்சைத் தளர்த்தினான்.

"போடறதாத்தானே இருந்தீங்க?"

"...ஆமா."

"கலந்த சரக்குல என் சீல் அடிக்காதீங்கடா. நாப்பது பேர் என் சீலை நம்பிச் சரக்கு எடுக்கறான்."

"இது வியாபாரமில்ல நாச்சி."

"அதனாலதான் சொல்றேன்."

சாயப்பட்டறை லாரி ஒன்று போனது. நான் சொன்னேன்: "மெஷின் வேண்டாம். வாசிக்கத் தெரிஞ்ச ஆளா நானே பாத்துக் கொண்டாறேன்."

"அவசரப்படாத. ரெண்டு நாள் யோசி."

"யோசிச்சா வேற மாதிரி சொல்லிப்போடுவேன்" என்றேன். அவன் போன பிறகு இதை ஏன் சொன்னேன் என்று இருந்தது.

ஜூலை 3, வியாழன்

கோயம்புத்தூரில் ஒரு வேலை இருந்தது. முடித்துவிட்டு, கல்யாண மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் இன்பராஜைப் பார்த்தேன். சுதர்சன் சொன்ன ஆள். என் வயதில் பாதிக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். மண்டபத்தில் சாயங்கால ரிசப்ஷனுக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். சும்மா இரண்டு நிமிஷம் வாசித்துக் காட்டச் சொன்னேன். மணமேடைக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். சரக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பேசி முடித்தோம். பேரம் பேசவில்லை. காருக்குள் வந்த பிறகுதான் அது உறைத்தது.

"இதுக்கு முன்னால யாருங்க வாசிச்சது?" என்று கேட்டார் அவர்.

"ஒருத்தன் இருந்தான். அவசரக்காரன்."

ஜூலை 6, ஞாயிறு

இன்பராஜ் வந்தார். வாசித்தார். மூட்டைகள் இல்லாத குறைக்கு டிரம்ஸைச் சுற்றிக் கந்தவேலின் மெத்தைகளை நிறுத்தினோம். கிளிக்கோடு அப்படியே ஒட்டிக்கொண்டு போனார். சுதர்சன் முகத்தில் முதல் தடவையாக வெயில் அடித்தது.

எனக்கு வெளியே வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லோடு வராது, ஆனாலும் வாசலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வேப்பமரத்தடியில் பைக்குகளை வரிசையாக எடுத்து நிறுத்தினேன். பிறகு நிழல் நகர்ந்ததால் எல்லாவற்றையும் தள்ளி நிறுத்தினேன்.

கோகிலா சாப்பாட்டுத் தூக்கோடு ஸ்கூட்டரில் வந்தாள். இறங்கியவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அடிக்கறது நீங்க இல்லீங்களே" என்றாள்.

"நான் இங்கதானே நிக்கறேன்."

"பாக்காமயே சொல்லுவேன். இது என்னமோ ரிசப்ஷனாட்ட இருக்குது. நீங்க அடிச்சீங்கன்னா தண்ணி லாரி பிரேக் இல்லாம வராப்ல இருக்கும்." ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிவிட்டு, "மேல ரூம்ல நான் வடகம் ஒண்ணும் வைக்கலீங்க" என்றாள்.

தூக்கை வாங்கிக்கொண்டேன். சாம்பார் கொஞ்சம் வழிந்திருந்தது. துடைத்தேன்.

ஜூலை 9, புதன்

விலை இறங்கிவிட்டது. நான் விற்றது சரியான நாள். யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தேன். கடையில் யாருமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கை வலிக்கிறது, ஆனாலும் இன்றைக்கு எழுதியாக வேண்டும்.

காலையில் எட்வின் பாட ஆரம்பித்தான், இன்பராஜின் டிரம்ஸ் மேல். மூன்றாவது வரியில் முன்னால் போய் விழுந்தான். பழைய இடமேதான். திரும்ப. திரும்ப. மெஷின் போய் மனுஷன் வந்தும் அதே கதை. பூங்கொடி நகம் கடித்தாள். ஏழெட்டுத் தடவைக்கு மேல் எட்வின் ஹெட்போனைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, "என்னால முடியலப்பா. வேற யாராவது பாடுங்க" என்றான்.

கூண்டின் பின்பக்க மெத்தை அதற்குள் சரிய ஆரம்பித்துவிட்டது. நான் உள்ளே நுழைந்து, அந்தத் திரும்பி வந்த மூட்டையை நகர்த்தி, மெத்தையோடு சேர்த்து முதுகால் தாங்கிக்கொண்டு நின்றேன். எட்வினுக்கு நேர் எதிரே.

"அங்கயே நில்லுடா" என்றான்.

"மெத்தை விழுகுது, நின்னுதான் ஆகணும்."

"முதல் ஆல்பத்தை நான் எங்கயும் போடறதில்ல. ஏன்னு தெரியுமா?"

"அதுல நான் இல்லைன்னு."

"நீ இல்லைன்னுதான். உனக்காக இல்ல. அதுல நான் பாடினது எனக்கே கேக்க முடியாது, ஸ்கூல்ல செய்யுள் ஒப்பிச்ச மாதிரி இருக்கும். மூணாவது வரி வந்தா நீ ஓடுவ. எப்பவும் ஓடுவ. பாலிடெக்னிக்ல இருந்து அந்த ஓட்டத்துக்குத்தான் மூச்சு எடுத்துப் பழகியிருக்கேன். இப்ப நான் ஓடிப்போய் நின்னு பாத்தா அங்க யாரும் வரல. நான் மட்டும் நிக்கறேன்."

என் கை சும்மா இருக்கவில்லை. மூட்டையின் மேல் தட்ட ஆரம்பித்தேன். 'பவர் டேபிள்' பாட்டின் தாளம்தான். அழுத்திக் கட்டிய மூட்டை. தும், தும் என்று அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம்.

எட்வின் ஹெட்போனை எடுக்கவில்லை. என் கையைப் பார்த்தான். பாட ஆரம்பித்தான்.

"எந்திரம் நிக்கல, என் கையும் நிக்கல,
எங்கடி போகுது இந்த ராத்திரி..."

மூன்றாவது வரியில் நான் ஓடினேன். தெரிந்தே ஓடவில்லை, தெரியாமலும் ஓடவில்லை. அவன் எனக்கு அரை எட்டு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தான். அங்கேதான் இத்தனை வருஷமாக நின்றிருக்கிறான், எனக்குத்தான் முதுகு காட்டிப் பாடுவதால் தெரிந்ததில்லை. விழவே இல்லை. முடியும்வரை பாடினான்.

ஹெட்போனைக் கழற்றிய சுதர்சன், "பதிவு ஓடிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா மூட்டைச் சத்தம் பாட்டு மைக்ல ஏறிப்போச்சுங்கண்ணா. எடுக்க முடியாது" என்றார்.

"ஏறட்டும்" என்றாள் பூங்கொடி.

"டிரம்ஸோட சேராதேக்கா. அது ஒரு வேகம், இது ஒரு வேகம்."

அதுவரை வாசல் பக்கம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த இன்பராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏங்க, பாடறவரு எங்க ஓடினாலும் பின்னாடியே போறதுதானே ஆர்கெஸ்ட்ராக்காரன் பொழப்பு. மணமேடையில மாப்பிள்ளையோட சித்தப்பா பாட வருவாரு, அவருக்கே வாசிக்கறோம். முதல்ல நீங்க ரெண்டு பேரும் எல்லாப் பாட்டையும் முடிங்க. அப்புறம் அதைப் போட்டு விடுங்க. நான் வந்து ஒட்டிக்கறேன்."

அஸ்திவாரத்தைக் கடைசியில் போடுகிற வீடு. சுதர்சன் தலையைச் சொறிந்தார். ரஃபீக் சொன்னான்: "ஸ்டுடியோவையே வித்தவனை வச்சுக்கிட்டு இதுக்கென்னடா யோசனை."

நாலு பாட்டையும் பாடி முடித்தான் எட்வின். நாலுக்கும் நான் மூட்டை அடித்தேன். இரண்டு உள்ளங்கையும் சிவந்து கன்றிப்போய்விட்டது. கோகிலா எண்ணெய் தடவச் சொன்னாள். பிறகு தடவிக்கொள்கிறேன் என்றேன். தடவவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இன்பராஜ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எங்கள் ஓட்டத்துக்குப் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டார். மூன்றாவது வரியில் அவரும் ஓடுகிறார், ஆனால் அழகாக ஓடுகிறார். அதற்கடியில், காது கொடுத்தால், தும் தும் என்று ஒன்று கேட்கிறது. கொஞ்சம் அவசரமாக.

அட்டையில் என்ன பெயர் போடுவது என்று உட்கார்ந்தோம். பூங்கொடியின் பட்டறையில்தான் அட்டை அச்சாகிறது.

"டிரம்ஸ், இன்பராஜ், நாச்சிமுத்து. ரெண்டு பேர் பேரும் போட்டுரலாம்" என்றான் ரஃபீக்.

"வேண்டாம். டிரம்ஸ் அவர் வாசிச்சது. அவர் பேரை மட்டும் போடு."

"அப்ப உனக்கு?"

"மூட்டை, நாச்சிமுத்து."

ரஃபீக்குக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. "டேய், மூட்டைன்னா என்ன வாத்தியம்னு கேப்பாங்கடா."

"கேக்கட்டும். என் கடை எங்க இருக்குன்னு சொல்லு. வரட்டும், காட்டறேன்."

எட்வின் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துத் தாளில் அப்படியே எழுதினான். பாட்டு என்று தன் பெயர் இருந்த வரிக்குக் கீழ்வரியில்.

ஜூலை 24, வியாழன்

ஆடி பிறந்துவிட்டதால் கந்தவேல் மெத்தைகளைக் கேட்டு வரவில்லை. வெள்ளை கட்டிங் மறுபடி வர ஆரம்பித்திருக்கிறது. குடோன் பாதி நிறைந்துவிட்டது. கை தட்டிப் பார்த்தேன். சத்தம் பாதிதான் திரும்புகிறது.

மெஷின் துடைக்கிற துணிக்குக் கலப்புச் சரக்கு வாங்குபவர் ஒருவர் மதியம் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, மூலையில் மெத்தையோடு ஒட்டி நிற்கிற அந்த மூட்டையைக் காட்டி, "இது சிவப்புக் கலந்ததுதானுங்க? எடுத்துக்கட்டுங்களா?" என்றார்.

"எடுத்துக்குங்க" என்றேன். விலை சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கலர் கலந்த மாலுக்குங்களா இந்த ரேட்டு? சுத்த வெள்ளையே இதுல பாதிக்குக் கிடைக்குமேங்க."

"வெள்ளை வேணும்னா அந்தப் பக்கம் இருக்குதுங்க. பாதிக்கே தர்றேன். இதுக்கு ரேட்டு இதுதான்."

கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார். வெள்ளையும் வாங்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விலை சொல்லாமல் ஒரு பொருளை வைத்திருந்து எனக்குப் பழக்கமில்லை, அதனால் சொன்னேன்.

மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மூட்டையைத் தூறல் அடிக்காத இடமாகப் பார்த்துத் தள்ளி வைத்து, மேலே தார்ப்பாயைப் போட்டேன். இந்தத் தடவை மழை வந்தது.